டிரஸ்ட்டா, கம்பெனியா, சங்கமா? முந்திரி உடைக்கும் 15 பெண்களுக்குப் போட்ட கணக்கு

பண்ருட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம். பங்குனி மாத மத்தியானம், ஒரு வீட்டுத் திண்ணையில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய விரல்களும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் ஊறும் எண்ணெய் படிந்த கறுப்பு அது; சாம்பல் தடவிக்கொண்டு உடைத்தாலும் படியும், சோப்புக்குப் போகாது. பத்திருபது வருஷமாக யாரோ ஒருவருடைய கொட்டையை யாரோ ஒருவருடைய கொட்டகையில் கிலோ கூலிக்கு உடைத்துக் கொடுத்தவர்கள். இனிமேல் நாமே கொட்டை வாங்கி, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து விற்பது என்று முடிவு கட்டியிருந்தார்கள். வரும் லாபத்தில் ஒரு பங்கை, உடைக்க முடியாத வயசுக்குப் போய்விட்டவர்களுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த முடிவோடு சேர்ந்தே இருந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், கடலூர் மஞ்சக்குப்பம். அதனால் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் மூத்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “ஒருத்தரு டிரஸ்ட் ஆரம்பிங்கன்னாரு. ஆடிட்டர் ஆபீஸ்ல பிரைவேட் லிமிடெட்னாங்க. அதிகாரி ஒருத்தரு உற்பத்தியாளர் கம்பெனின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூணு பேரும் நல்ல மனுசங்கதான் தம்பி. எதுதான் எங்களுக்கு ஒத்துவரும்?”

அன்றைக்கு பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததையும், மறுபடி போய்ச் சொன்னபோது அவர்கள் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் பல குழுக்கள் இருக்கின்றன.

முதலில் ஒன்று. ‘சமூக நிறுவனம்’ என்ற பெயரில் தனியாகப் பதிவு செய்யும் வழி நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. வியாபாரமும் செய்ய வேண்டும், அந்த வியாபாரம் ஒரு சமூகக் குறையையும் தீர்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள், வேறு வேறு காரணங்களுக்காகச் செய்துவைத்த பாத்திரங்களில் ஒன்றை எடுத்துத்தான் புழங்க வேண்டியிருக்கிறது. டிரஸ்ட் என்றால் தர்மம், கம்பெனி என்றால் பேராசை என்று பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஏராளம். நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்பேன். ஆண்டு முடிவில் மிச்சப் பணம் யாருக்குப் போகும்? கூட்டத்தில் கை தூக்கும் உரிமை யாருக்கு? கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது?

டிரஸ்ட் யோசனை சொன்னவர் உதாரணம் காட்டியது அரவிந்த் கண் மருத்துவமனையை. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் போனால் தவளக்குப்பத்தில் இறங்கும் கூட்டத்தில் பாதி அங்கிருக்கும் அதன் கிளைக்குப் போகிற கூட்டம்தான். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். பெயர் ஸ்ரீ அரவிந்தரிடமிருந்து வந்தது, அந்த வகையில் புதுச்சேரிக்கு அது பிறந்த வீட்டு உறவு. கட்டணம் கொடுத்து வருகிறவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸின் விலைதான் பெரிய இடறலாக இருந்தது. 1992இல் ஆரோலேப் தொடங்கி, தாங்களே செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். எல்லாம் அறக்கட்டளையின் கீழேதான். வியாபார மூளையும் தர்ம சிந்தையும் ஒரே தலையில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த உதாரணம் முந்திரிக் கொட்டகைக்குப் பொருந்தாது. அங்கே பயன் பெறுகிறவர் நோயாளி. கண் தெரிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார். மருத்துவமனையில் பங்கு வேண்டும், ஓட்டு வேண்டும் என்று அவர் கேட்கப்போவதில்லை. இங்கே பயன் பெற வேண்டியவர் உடைக்கிறவர். அவரே முதலாளியாகவும் ஆக ஆசைப்படுகிறார். டிரஸ்ட்டில் பயனாளிக்குப் பயன் உண்டு, ஓட்டு கிடையாது. முடிவெல்லாம் அறங்காவலர்கள் கையில்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில வருஷம் ஊறுகாய் போட்டு விற்ற ஒரு அறக்கட்டளைக்குக் கணக்கு பார்த்தேன். தொடங்கியவர் தங்கமான மனிதர். அறங்காவலர்கள் அவர், அவர் மனைவி, மச்சான். அவர் போன பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஒரு நாள் சம்பளத் தகராறில் பெண்கள் “இது எங்க நிறுவனம்தானே” என்று கேட்டபோது பத்திரத்தை எடுத்துப் படித்துக் காட்ட வேண்டியவன் நானாகிவிட்டேன். பத்திரத்தில் அவர்கள் ‘பயனாளிகள்’. ஏழு வருஷம் அவர்கள் போட்ட உழைப்புக்கு அந்தத் தாளில் இருந்த இடம் அந்த ஒரு சொல்தான். யாரும் ஏமாற்றவில்லை. பாத்திரம் அப்படி.

வருமான வரித் துறையின் கண்ணும் இருக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் என்று தெளிவான நோக்கம் இருக்கும் அறக்கட்டளைக்குச் சிக்கல் குறைவு. ‘பொது நலன்’ என்ற பொதுவான தலைப்பில் வருகிற அறக்கட்டளை வியாபாரம் செய்தால், அந்த வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; தாண்டினால் அந்த ஆண்டுக்கு வரிவிலக்கு போய்விடும். முந்திரி விற்பதைத் தவிர வேறு வரவே இல்லாத இடத்தில் 20 விழுக்காடு என்பது வேடிக்கை. ‘நாங்கள் ஏழைகளுக்கு வேலை கொடுக்கிறோம், அது உதவிதானே’ என்று வாதாடலாம். வாதாடி ஜெயித்தவர்களும் உண்டு. பதினைந்து பெண்களை அந்த வாதத்துக்கு அலையவிட எனக்கு மனசில்லை.

கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் லாப நோக்கமற்ற கம்பெனி, டிரஸ்ட்டுக்கு ஒரு படி மேல். கணக்கு, தணிக்கை, ஆண்டுக் கூட்டம் எல்லாம் கம்பெனிக்கு உரிய ஒழுங்கோடு நடக்கும். பங்குதாரராக இருந்தால் ஓட்டும் உண்டு. ஆனால் லாபத்தில் ஒரு ரூபாய்கூடப் பங்காகப் பிரிக்க முடியாது; மூடினாலும் சொத்து உறுப்பினர்களுக்கு வராது. இதை எல்லாரும் சிபாரிசு செய்வதற்குக் காரணம் சி.எஸ்.ஆர். பணம். பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. சிப்காட் இருக்கும் கடலூரில் ‘சி.எஸ்.ஆர்.ல வாங்கிடலாம்’ என்பது டீக்கடைப் பேச்சு. வரிவிலக்குப் பதிவு பெற்ற டிரஸ்ட், சங்கம், 8ஆம் பிரிவுக் கம்பெனி ஆகியவற்றுக்குத்தான் அதைக் கொடுக்க முடியும் என்பது சரி. அதே விதியில், இப்படிப்பட்ட வெளி அமைப்புக்கு மூன்றாண்டு வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இன்று பதிவு செய்து நாளை மறுநாள் மிஷின் வாங்க சி.எஸ்.ஆர். பணம் வரும் என்று யாராவது சொன்னால், இதைக் கேளுங்கள்.

லாபத்தைப் பிரிக்க முடியாத அமைப்பில் உழைக்கிறவருக்கு லாபம் போய்ச் சேர ஒரு வழி உண்டு, அதற்கு லிஜ்ஜத் அப்பளம் சாட்சி. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டை மாடியில் அப்பளம் இட்டுக் காயவைத்துத் தொடங்கியது. 1966இல் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் உரிமையாளர். வந்த லாபம் இட்ட அப்பளத்துக்கான கூலியோடு சேர்ந்து அவர்களிடமே திரும்பிப் போகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு முழு இரவு யோசித்தேன். தமிழ்நாட்டில் 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும், பதிவும் எளிது. தடுத்தது மூலதனம். அப்பளத்துக்கு உளுந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். முந்திரிக் கொட்டை பங்குனியிலிருந்து வைகாசிக்குள் வந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் வருஷத்துக்கான கொட்டையை வாங்கிப் போடாதவன், பிறகு வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் கை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை நம்ப வேண்டும். சங்கம் என்று போய் நின்றால் வங்கியில் அவ்வளவு கடன் பெயர்வது கஷ்டம்.

பிரைவேட் லிமிடெட் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு பேர் போதும், சீக்கிரம் முடியும், வெளியிலிருந்து முதலீடு வாங்கலாம். பங்கு எவ்வளவோ ஓட்டும் அவ்வளவு. பதினைந்து பேரில் மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் அதிகப் பணம் போட்டால், கொட்டகை நாலு வருஷத்தில் அவருடையதாகிவிடும். ஒரே ஒரு ஆள் தன் வீட்டை அடமானம் வைத்து, ‘நல்ல கூலி கொடுத்து நேர்மையாகத் தொழில் செய்வேன்’ என்று கிளம்பினால் இதுவே நாணயமான வடிவம் என்பேன். தர்மப் பெயரில் ஒளிந்துகொள்ளாமல் முதலாளி முதலாளியாகவே நிற்கிறார்.

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பதிவானதே திருவள்ளூர் பக்கம் திரூரில்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களை எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தில் பங்கு, இரண்டும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 25 பேர் வேண்டும்; இவர்கள் 15. பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய விஷயமில்லை, துறையின் பிடிதான் யோசிக்க வைக்கிறது. தேர்தல் நடக்காத காலத்தில் அரசு அனுப்பும் தனி அலுவலர் வந்து உட்காரும் நாற்காலி அது. அரசு ஆர்டரை நம்பி நடக்கும் தொழிலுக்கு அந்தப் பிடியே பலம். சந்தையில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஓடும் முந்திரிக்கு அது சுமை. புதுச்சேரிக்காரர்களுக்குக் கூட்டுறவுச் சட்டமே வேறு, அங்கே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி உற்பத்தியாளர் கம்பெனி. அதிகாரி சொன்னது. கூட்டுறவின் ஓட்டையும் கம்பெனியின் சுதந்திரத்தையும் ஒன்றாகக் கட்ட 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த வடிவம் இது. 10 உற்பத்தியாளர்கள் போதும். யார் எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மிச்சத்தைப் பங்குக்கு ஏற்பப் பிரிப்பதோடு, யார் எவ்வளவு சரக்கும் உழைப்பும் கொடுத்தாரோ அதற்கு ஏற்பவும் பிரிக்கலாம். வெளியாள் பங்கு வாங்கி உள்ளே நுழைய முடியாது. என் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

திண்ணையில் ஒரு சின்னப் பெண் உடனே கேட்டாள், “எங்கள்ல பாதிப் பேருக்கு காணி நிலம்கூட இல்லியே, நாங்க எப்படி உற்பத்தியாளர் ஆவோம்?” நல்ல கேள்வி. சட்டம் நிலத்தைக் கேட்கவில்லை. விளைபொருளோடு தொடர்புள்ள எந்த வேலை செய்கிறவரும் உற்பத்தியாளரே என்கிறது. உடைப்பதும் தோல் உரிப்பதும் அதில் அடங்கும். ஆனால் 2020இல் வந்த ‘10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள்’ திட்டத்தின் உதவிப் பணம் வேறு கதை. அதற்குச் சமவெளியில் 300 விவசாயி உறுப்பினர்கள் வேண்டும். கம்பெனி ஆகலாம் என்பதும் அந்தப் பணம் வரும் என்பதும் ஒன்றல்ல. அதிகாரி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செலவையும் சொல்ல வேண்டும். குறைந்தது 5 இயக்குநர்கள், முழுநேரத் தலைமை அலுவலர் ஒருவர், வெளித் தணிக்கை, அதற்கு மேல் உள் தணிக்கை. ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகப் போட்டால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவம், ஆறு மாதம் மறந்துவிட்டால் முப்பத்தாறாயிரம். உற்சாகமாகப் பதிவு செய்துவிட்டு இரண்டாம் வருஷம் ஆடிட்டர் கட்டணம் கொடுக்க முடியாமல் செத்துப்போன கம்பெனிகளின் ஃபைல்கள் என் அலமாரியிலேயே இருக்கின்றன.

ஆகவே அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்த்தேன். பதினைந்து பேரும் ஒரே சுய உதவிக் குழு. சுய உதவிக் குழுவுக்கு 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. பச்சைக் கொட்டை கிலோ 130 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8 லட்சத்துக்குக் கொட்டை, மீதி 2 லட்சம் கூலிக்கும் சில்லறைச் செலவுக்கும். சுமார் 6,150 கிலோ, 80 கிலோ மூட்டையில் 77 மூட்டை. நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறினால், ஒன்றரை டன் பருப்பு. கணக்கைப் படித்ததும் மூத்தவர் சிரித்தார். “இது ஆவணி வரைக்கும்கூட வராது தம்பி. அப்புறம் மறுபடி அந்தக் கொட்டகைக்குத்தான் போவணும்.” உண்மை. ஆனால் அந்த நாலைந்து மாதத்தில் முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, 320ஆம் நம்பர் தர முழுப்பருப்புக்கு உண்மையில் யார் என்ன விலை தருகிறார்கள் என்று கையில் ஒரு கணக்குப் புத்தகம் வந்துவிடும். இந்தப் புத்தகம் இல்லாமல் கம்பெனி பதிவு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விற்பனையில் ஒரு விசித்திரம் நம் பக்கத்துக்கே உரியது. ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்குள் பஸ் நுழைந்தால் நமக்கு அது இன்னொரு ஊர், ஜி.எஸ்.டி.க்கு அது இன்னொரு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை; புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். எல்லை தாண்டி விற்றாலோ முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு, முந்திரிக்கு இல்லை. பதிவு செய்த பிறகு விவசாயியிடம் கொட்டை வாங்கினால், 5 விழுக்காடு வரியை வாங்குகிறவரே ரொக்கமாகக் கட்ட வேண்டும். விற்கும்போது கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் 8 லட்சத்துக்கு 40,000 ரூபாய் பருப்பு விற்கும் வரை முடங்கிக் கிடக்கும். புதுச்சேரி ஒயிட் டவுன் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கும் கனவை முதல் வருஷம் தள்ளிவைக்கச் சொன்னேன். கடலூர், நெய்வேலி, விழுப்புரம் போதும்.

அந்தக் கனவுக்குள் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ‘ஏழைப் பெண்கள் செய்தது’ என்று அட்டையில் எழுதினால் கூடுதல் விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு ஆரோவில் பக்கம் மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் செய்த சுனாமிகா பொம்மையை நினைத்துக்கொண்டேன். அதை விலைக்கு விற்பதில்லை, பரிசாகத்தான் கொடுத்தார்கள். அது ஒரு நேர்மை. பொம்மைக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது, இரக்கத்தை இரக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். முந்திரிக்கோ தினமும் ஒரு விலை இருக்கிறது. இரக்கத்துக்காக ஒரு முறை வாங்குவார்கள். இரண்டாவது முறை பருப்பில் தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது கேள்வி, கையெழுத்து. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, ஒரே காலையில் தோப்புத் தோப்பாக முந்திரியைச் சாய்த்ததை இவர்கள் நேரில் பார்த்தவர்கள். குழுவாக வாங்கிய கடனை எந்தப் புயலானாலும் குழுதான் கட்ட வேண்டும். கம்பெனியானால் கடன் கம்பெனியோடு நிற்கும் என்பது புத்தகத்தில். நடப்பில் வங்கி இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். ஆகவே எந்த வடிவத்திலும், லாபத்தில் ஒரு பங்கை முதல் வருஷத்திலிருந்தே தொடாமல் வைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் முகம் சுளித்தார்கள்.

என் யோசனை இதுதான்: இந்தப் பட்டத்துக்குக் குழுவாகவே ஓட்டுவது, கணக்கு கைகொடுத்தால் அடுத்த தை மாதத்தில் உற்பத்தியாளர் கம்பெனி, டிரஸ்ட் வேண்டாம். பின்னால் மிஷினுக்கு சி.எஸ்.ஆர். உதவி தேவைப்பட்டால், ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு தொண்டு அமைப்பு வழியாகப் போகலாம். மிஷின் யார் பெயரில் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு இடத்தில் நானே தடுக்கி நின்றேன். வயசானவர்களுக்குப் பணம் என்ற அந்த முடிவு. உற்பத்தியாளர் கம்பெனியில் உறுப்பினர்களின் நலனுக்கு நிர்வாகக் குழு தாராளமாகச் செய்யலாம். பொதுவான நன்கொடைக்கோ முந்தைய ஆண்டு நிகர லாபத்தில் 3 விழுக்காடுதான் எல்லை. உறுப்பினராக இருந்தால் தாராளம், இல்லையென்றால் கிள்ளிக் கொடுப்பது. ஆனால் உற்பத்தி வேலையை விட்டுவிட்டவரிடம் பங்கைத் திருப்பிக் கேட்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. உடைக்க முடியாமல் போகும் நாளில்தான் பணம் தேவை, அந்த நாளில்தான் அவர் உறுப்பினர் இல்லாமல் போகும் அபாயமும்.

இதை விளக்கியதும் மூத்தவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உடைக்க முடியலன்னா தோல் உரிப்போம். அதுவும் முடியலன்னா தரம் பிரிப்போம், உக்காந்த எடத்துல செய்ற வேலைதானே. அதையும் வேலைன்னு எழுதிடு தம்பி.”

“கண்ணு மங்கிப் போச்சுன்னா?” என்றாள் அந்தச் சின்னப் பெண்.

“தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறிப் போயி ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்து பிரிப்பேன்டி.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்: உடைத்தல், தோல் உரித்தல், தரம் பிரித்தல், மூன்றில் எதுவும், ஆண்டுக்கு இத்தனை நாள். எத்தனை நாள் என்பதில் மட்டும் பதினைந்து பேருக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. முப்பது என்கிறார்கள் பெரியவர்கள், அறுபது என்கிறார்கள் சின்னவர்கள். வரைவில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.